இரவல் உடம்பு

புதுப் பெட்டி பொய் சொல்கிறது என்றுதான் நிருஷா முதலில் நினைத்தாள். நாவற்குடாவில் அவள் நடத்தும் ஸ்டூடியோவின் படங்களையெல்லாம் பத்திரப்படுத்த வாங்கிய கணினிச் சேமிப்புப் பெட்டி அது. பழைய ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கல்யாண ஆல்பங்கள் மத்தியானம் முழுக்க மெதுவாகப் பெட்டிக்கு ஏறின. கடைசியாகக் கொடுத்த மகள் விதுசாவின் படங்கள் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தது எதுவுமில்லை, எல்லாம் ஏற்கனவே இருக்கிறது என்றது திரை.

பெட்டியை விற்ற யோகேஸ்வரனுக்கு அழைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க, இது ஆரும் பாவிச்ச பெட்டியா?"

"இல்லக்கா, நீங்கதானே டேப்ப வெட்டித் திறந்தீங்க. படங்கள்ள ஒரே மாதிரித் துண்டு ரெண்டு வந்தா அது ஒண்டத்தான் வைச்சிருக்கும். மற்றதுக்கும் அதையே எடுத்துத் தரும். இடம் மிச்சம்."

"என்ட புள்ளட படம் வேற ஆர்ட படத்தோட ஒத்துப்போகும்?"

அவன் சிரித்தான். ஏமாற்றுக்காரன் என்று திட்ட வாயெடுத்தவள், அழைப்பைத் துண்டித்தாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவளிடமே இருந்தது.

போன மாதம் வாகரையிலிருந்து ஒரு தாய் வந்திருந்தாள். சுனாமியில் போன சின்ன மகளை மூத்தவளின் கல்யாணப் படத்தில் நிற்க வைத்துத் தரச் சொன்னாள். செத்தவர்களைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது ஸ்டூடியோவில் வாடிக்கையான வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் மட்டும்தான் ஒரு பழைய படத்தில் மிஞ்சியிருந்தது. உடம்புக்கு எங்கே போவது? விதுசாவுக்குப் பட்டுச் சட்டை போட்டு எடுத்து, கழுத்துக்கு மேலே அந்த முகத்தை ஒட்டிக் கொடுத்தாள். தாய் படத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். நிருஷாவுக்கும் அப்போது மனம் நிறைந்துதான் இருந்தது. அந்தக் கல்யாண ஆல்பமும் மத்தியானம் பெட்டிக்குள் ஏறியிருந்தது.

வெளியே மாரி மழை பிடித்து, தகரக் கூரையில் கொட்டும் சத்தத்துக்குள் பெட்டியின் விசிறி யாரோ தூக்கத்தில் மூச்சுவிடுவது போலக் கேட்க, வாவிப் பக்க ஜன்னலால் சேறும் கரையோரக் கண்ணா மரத்தின் அழுகிய இலையும் கலந்த வாடை உள்ளே வந்து தொண்டையில் நின்றது.

விதுசாவின் படங்களைப் பெட்டியிலிருந்து திருப்பி எடுத்தாள்.

முதலாம் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் விதுசாவின் குண்டுக் கைகள். கழுத்துக்கு மேலே வாகரைப் பிள்ளை.

பள்ளிக்கூடத்தின் முதல் நாள். அதே முகம்.

கோயில் வாசல். அதே முகம். அதே சிரிப்பு.

ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கப் போனாள். அது செத்துப்போயிருந்தது. கைபேசிப் படங்களையும் இடம் போதாமல் அதில்தான் போட்டிருந்தாள். இனி விதுசாவின் முகம் இருப்பது பக்கத்து அறையில் மட்டும்தான்.

"மனே, இஞ்ச வாங்க," என்று மகளைக் கூப்பிட்டாள்.

மழை.

"விதுசா."

"வாறன் அம்மா."

மகளின் குரல். நிருஷாவுக்கு உயிர் வந்தது.

மகள் கதவு நிலையில் வந்து நின்றாள். பள்ளிச் சட்டை. முழங்காலில் நேற்று விழுந்த காயம்.

"என்னம்மா?"

குரல் மட்டும் வந்தது. கழுத்துக்கு மேலே, படங்களில் இருந்த அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு அசையவில்லை.