மியூட் போட்ட டாக்டர்!

"உட்காருடின்னா..."

"உட்கார மாட்டேன்னா..."

"டாக்டர் லைன்ல வந்துடுவாரு!"

"வரட்டுமே! நானா அவரைக் கூப்பிட்டேன்?"

"காதுல குரல் கேக்குதுன்னு சொல்லு. அவ்வளவுதான்! சொன்னா நாக்கு தேஞ்சுடுமா?"

"கேக்கலை! நான் பார்த்தேன். மேனேஜர் வாய் அசைஞ்சதைப் பார்த்தேன். எத்தனை தரம்..."

"கண்ணால கேட்டியாக்கும்! ஊர்ல எல்லாரும் காதால கேப்பாங்க. மகாராணி மட்டும் கண்ணால..."

படார்!

மேஜை மேல் விழுந்த அடியில் லேப்டாப் துள்ளியது. டம்ளர் தண்ணீர் பாதி சிந்தியது.

அவள் உட்கார்ந்தாள்.

கோபம் வந்தால் அவளைத் 'தறிக்காரி' என்றுதான் கூப்பிடுவான் புருஷன். கோபம் வராத நாளும் கிடையாது. ஆகவே பேரை விட்டுவிடுவோம். தறிக்காரி!

இருபத்திரண்டு வருஷமாக மில்லில் தறி ஓட்டுகிறாள். நாற்பது தறி ஒன்றாக ஓடும் கூடம் அது. இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பெண்கள் உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள். இங்கே ஒருத்தி வாயை அசைத்தால் நாற்பதடி தள்ளி இன்னொருத்தி சிரிப்பாள். சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு... எல்லாம் சத்தமில்லாமல்!

அந்தக் கண்தான் வினையாயிற்று.

போன திங்கட்கிழமை. மேனேஜரின் கண்ணாடி அறை. கதவு சாத்தியிருந்தது. தூணுக்குப் பின்னால் நின்ற யாரிடமோ மேனேஜர் சொன்னதை அவள் தறியில் நின்றபடியே பார்த்தாள்.

'ஃபிட்டர் வாயைத் திறந்தா நாம எல்லாரும் உள்ள போகணும். லிஃப்ட் குழி திறந்துதான் கிடக்கு. தள்ளி விட்டுடு.'

மறுநாள் காலை... லிஃப்ட் குழியில் ஃபிட்டர். கழுத்து முறிந்து!

தறியில் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றியதால்தான் ஒரு பெண்ணின் மூன்று விரல் போயிற்று என்று புகார் எழுதி வைத்திருந்த மனுஷன்.

தறிக்காரி நேரே போலீஸுக்குப் போனாள். பெண் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கதவு மூடியிருக்கு. நாப்பது தறி ஓடுது. அவளுக்கு எப்படிம்மா கேட்டுச்சு? மூளைக் கோளாறு!"

மற்றத் தறிக்காரிகள்? வேலை போய்விடுமே என்று காதை மட்டுமல்ல, உதட்டையும் பூட்டிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். "அடுத்த வாரம் மாஜிஸ்ட்ரேட் முன்னால நீங்க பேசணும். அதுக்குள்ள யாராவது மனநல டாக்டர் உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு எழுதிட்டா, நீங்க சொன்னதெல்லாம் குப்பைம்மா."

அப்படி எழுதத்தான் இந்த டாக்டர். மில் நிர்வாகமே ஏற்பாடு செய்தது. வீட்டிலிருந்தபடியே வீடியோவில் வைத்தியம்! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன்... அவள் புருஷன். மேனேஜரின் கார் டிரைவர்.

இன்று மூன்றாவது தடவை. நாளைக் காலையில் மாஜிஸ்ட்ரேட். மதியம் இரண்டு மணி. வாசல் கதவு பூட்டு. சாவியும் அவள் செல்ஃபோனும் டிரைவரின் பாக்கெட்டில்.

திரை மினுக்கியது. டாக்டர்!

டாக்டருக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வாயை அகல அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்.

"வணக்கம்மா. விதிப்படி சொல்லிடறேன். இந்தச் சந்திப்பு முழுக்கப் பதிவாகுது. ரூம்ல உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

லேப்டாப்புக்குப் பின்னால், காமிராவில் படாமல் உட்கார்ந்திருந்த டிரைவர் விரலை ஆட்டினான்.

"யாரும் இல்லை டாக்டர்."

"நல்லது. குரல்கள் எப்படி இருக்கு?"

"என்னைக் கேட்டா? குரலுக்கு உடம்பு சரியில்லைன்னா குரல்கிட்டதான் கேக்கணும்."

"கோபம் அதிகமாயிருக்கு..." டாக்டர் குறித்துக்கொண்டார்.

"கோபம் வியாதியா டாக்டர்? அப்ப எங்க வீட்டுக்காரருக்கு எப்ப வைத்தியம்?"

டிரைவர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் முகம் சுளிக்கவில்லை.

"அம்மா, மிஷின் சத்தத்துல யாரோ பேசற மாதிரி இருக்கில்ல?"

"இல்லை. மிஷின் சத்தத்துல மிஷின்தான் பேசுது. மனுஷங்க வாயைப் பார்த்தா தெரியும். என்னைச் சோதிச்சுப் பாருங்களேன்!"

"இதைத்தாம்மா நாங்க மாயத்தோற்றம்னு சொல்றோம். ஒரு நிமிஷம்..."

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது.

படம் நிற்கவில்லை!

டாக்டர் பக்கவாட்டில் திரும்பினார். மங்கலாக்கிய பின்னணியில், மேனேஜர் தினமும் போடுகிற சாம்பல் கோட்டின் கை மட்டும் வந்து போயிற்று. அதன் சொந்தக்காரரிடம் டாக்டர் பேசினார். அகல அகலமாக! சொல் சொல்லாக!

அவர்கள் செய்த ஒரே தப்பு அதுதான். பொய்யாக ஒரு வியாதியை எழுதினார்கள். எழுத எழுத அதைத் தாங்களே நம்பிவிட்டார்கள்!

தறிக்காரி இமைக்காமல் பார்த்தாள்.

'உதட்டைப் படிக்கறாளாம்... கதை! யாரோ உளறியிருக்கான் அத்தான்.'

அத்தானா? அப்படியானால் டாக்டர்... மேனேஜரின் மச்சினன்!

'டிரைவர் உளறியிருக்க மாட்டான். ஃபிட்டரைத் தள்ளினவனே அவன்தானே! பொண்டாட்டிகிட்டயா சொல்வான்?'

அவள் கண் லேப்டாப்பின் பின்னால் போய்த் திரும்பியது.

தூணுக்குப் பின்னால் நின்றவன்... இதோ, இரண்டடி தூரத்தில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறான்! பதினெட்டு வருஷமாக அவள் துவைத்துப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு!

'சர்டிஃபிகேட் எல்லாம் எதுக்கு அத்தான்? கேப்சூல் ஒண்ணு குடுத்தனுப்பியிருக்கேன். அரை மணி நேரத்துல தூங்குவா. எந்திரிக்க மாட்டா. பைத்தியம் தானே தின்னுச்சுன்னு எழுதிடலாம்.'

க்ளிக். சத்தம் திரும்பியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, நர்ஸ் கூப்பிட்டாங்க. புது மருந்து வந்திருக்கில்ல? என் கண் முன்னாடியே போட்டுக்கோங்க பார்ப்போம்."

டிரைவர் கேப்சூலை நீட்டினான். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன யோசிக்கறீங்க?"

"இல்லை டாக்டர்... இவ்வளவு அக்கறையா என்னை யாரும் பார்த்துக்கிட்டதே இல்லை. கண்ணு கலங்குது."

வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"நாக்கை நீட்டுங்க... மேலே தூக்குங்க... பலே!"

அறுந்த நூலை வாயிலேயே அடக்கிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் பேசியவள், சிரித்தவள். கன்னத்துக்கும் மேல் ஈறுக்கும் நடுவே ஒரு கேப்சூலை வைத்துக்கொள்வது அவளுக்கு ஒரு வித்தையா?

"நல்லா தூங்குங்கம்மா," என்றார் டாக்டர்.

திரை இருண்டது.

"தலை சுத்துதுங்க," என்றாள் தறிக்காரி. "ஜன்னல் பக்கம் கொஞ்சம் காத்து வாங்கறேன்."

டிரைவரின் முகம் மலர்ந்தது. "போ... போ... நல்லா வாங்கு."

அவன் செல்ஃபோனில் கிசுகிசுத்தான். "சார்... போட்டுட்டா. ஆமா சார்... என் கண்ணால பார்த்தேன்."

அவள் ஜன்னலில் நின்றாள். கேப்சூல் கைக்குட்டைக்குள் இறங்கியது. ஒரே கையால் ஒரு தறி முடிச்சு!

இரண்டாவது மாடி. கீழே தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். முதல் ஷிஃப்ட் முடிந்து ஆறு பெண்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். நடுவில் நாலாம் தறி அக்கா. போன வாரம் போலீஸ் கேட்டபோது, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று தலையைக் குனிந்துகொண்ட அதே அக்கா.

தறிக்காரி கம்பியைப் பிடித்தாள். உதட்டைத் திறந்தாள். ஒரு சத்தம் இல்லை.

'அக்கா... எனக்கு விஷம் குடுத்திருக்காங்க. ஃபிட்டரைத் தள்ளினது என் புருஷன். போலீஸைக் கூப்பிடு.'

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஸ் வந்தது. நின்றது... போயிற்று.

நிறுத்தத்தில் ஒருத்தியும் இல்லை!

தறிக்காரி கம்பியை விட்டாள். அவ்வளவுதானா?

"என்னடி அங்க வேடிக்கை? வந்து படு!"

வந்து படுத்தாள். கண்ணை மூடினாள். தலைமாட்டில் அவன் மூச்சு. பத்து நிமிஷம்... இருபது... அரை மணி... அவன் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். அவள் மூச்சை அடக்கினாள்.

"கண்ணால கேட்டாளாம் கண்ணால!" அவன் முணுமுணுத்தான். "இப்ப எதைப் பார்ப்பே?"

ட்ரிங்!

அழைப்பு மணி.

ட்ரிங்! ட்ரிங்! ட்ரிங்!

டிரைவர் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் தேய்த்துக்கொண்டான். பூட்டைத் திறந்தான்.

வாசலில் இன்ஸ்பெக்டர்! பின்னால் நாலு கான்ஸ்டபிள்.

"மேடம்! நல்ல நேரத்துல வந்தீங்க மேடம்! என் குடியே முழுகிப்போச்சு! நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாவி, கையில கிடைச்ச மாத்திரையெல்லாம் அள்ளித் தின்னுட்டா மேடம்! தொட்டுப் பார்த்தேன்... உயிர் இல்லை!"

"எப்ப போச்சு?"

"இப்பத்தான் மேடம், பத்து நிமிஷம்..."

"ஏங்க," என்றது படுக்கையறை.

டிரைவர் சிலையானான்.

"ஏங்க... செத்ததுல தாகமா இருக்கு. ஒரு டம்ளர் தண்ணி குடுங்களேன்."

தறிக்காரி வாசற்படியில் நின்றாள். கைக்குட்டை முடிச்சை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நாலாம் தறி அக்கா மூச்சு வாங்க நின்றிருந்தாள். அவளோடு இன்னும் ஐந்து பேர்.

"பஸ் மறைச்சுதுடி," என்றாள் அக்கா. "அது கிளம்பறதுக்குள்ள நாங்க ஸ்டேஷனுக்கு ஓட ஆரம்பிச்சுட்டோம்."

மாலை ஐந்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

டாக்டர் கால் மேல் கால் போட்டிருந்தார். "பதிவை எடுத்தீங்களா? தாராளமாப் பாருங்க. நீங்க சொல்ற இடத்துல சத்தமே கிடையாதே! பைத்தியத்தோட பேச்சை வெச்சுக் கேஸ் போடுவீங்களா?"

"மாட்டோம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதனால அந்தம்மாகிட்ட நாங்க கேக்கவே இல்லை. மத்த ஆறு பேரை ஆறு ரூம்ல தனித்தனியா உட்கார வெச்சோம். சத்தமில்லாத உங்க படத்தைப் போட்டுக் காட்டினோம்."

ஆறு காகிதங்களை மேஜையில் வைத்தாள். ஆறு கையெழுத்து. ஒரே வாசகம். 'ஃபிட்டரைத் தள்ளினவனே அவன்தானே!'

"கொஞ்சம் வாய்க்குள்ளயே பேசியிருக்கலாம் டாக்டர்."

டாக்டரின் கால் தானாக இறங்கியது.

வாசலில் போலீஸ் வேன். உள்ளே மேனேஜர். பக்கத்தில் டிரைவர். கண்ணாடி இறுக மூடியிருந்தது. டிரைவர் மேனேஜர் காதோரம் குனிந்து என்னவோ முணுமுணுத்தான்.

தறிக்காரி படியில் நின்றபடி பார்த்தாள்.

"மேடம், ஃபிட்டரோட செல்ஃபோன் கிடைக்கலைன்னு சொன்னீங்கல்ல? மேனேஜர் கார் டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில இருக்காம். யாருக்கும் தெரியாதாம். பயப்பட வேண்டாம்னு ஆறுதல் சொல்றாரு."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கான்ஸ்டபிளை விரட்டினாள்.

தறிக்காரி வேனருகே போனாள். கண்ணாடியை விரலால் தட்டினாள். டிரைவர் திரும்பினான்.

அவள் சத்தமாகவே சொன்னாள்.

"ஏங்க! இனிமே ரகசியம் பேசணும்னா வாயைக் கையால மூடிக்கிட்டுப் பேசுங்க... அடடா, மறந்தே போயிட்டேன்! கையைத்தான் பின்னால கட்டியிருக்காங்களே!"