பதினேழாம் எண்ணில் பச்சை

மூன்றாவது பெஞ்சையும் இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள் டீச்சர். இரும்புக் கால்கள் தரையைக் கீறிய சத்தம் காலி வராந்தா முழுக்க ஓடித் திரும்பி வந்தது. தினமும் வீட்டுக்கும் பள்ளிக்கும் சுமக்கும் வருகைப் பதிவு டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகை பெஞ்சில் சாய்த்து, குதிகாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள்.

கைப்பிடி ஒருமுறை திரும்பியது. கொஞ்சம் பொறுத்து மறுமுறை.

அந்தப் பக்கம் நின்று திருகிக்கொண்டிருந்தவர் ரீஸ்டார்ட் சார். பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியர். புரொஜெக்டர் எரியாவிட்டாலும் சரி, பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் சரி, ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்பதற்கு மேல் வைத்தியம் சொன்னதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் ஆசிரியர் அறையிலும் ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பின்னால் நிற்பது யார் என்று டீச்சருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அந்தச் செருப்பின் டக் டக் கேட்டாலே நானூறு பிள்ளைகளும் மூச்சை அடக்குவார்கள். பள்ளி முதல்வர்.

விடுமுறை நாள். மணி பத்தரை. பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் டீச்சரின் கட்டைவிரல் ஒரே ஒரு தடவை இந்த டேப்பில் பதிய வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பதிந்துவிட்டால் இரண்டாம் வகுப்பு பி பிரிவின் பதினேழாம் எண்ணும், பள்ளி திறந்த நாள் முதல் அந்த எண்ணுக்குக் கீழே ஏறிய அத்தனை பதிவும் அடியோடு போய்விடும். வகுப்பு ஆசிரியரின் விரல் இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரை அழிக்க முடியாதபடி வருகைப் பதிவு ஆப்பைச் செய்து வைத்திருந்தார்கள்.

பதினேழாம் எண் இறந்து முப்பத்தொன்பது நாள் ஆகிறது.

ஏழு வயது. வகுப்பில் எல்லோருக்கும் அவள் தூங்குமூஞ்சி. வண்டியில் தூங்குவாள், பிரேயரில் நின்றபடி தூங்குவாள், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஏழாவது வரியில் தூங்குவாள். அன்று பள்ளி வண்டியின் கடைசி சீட்டில், பையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். மற்ற பிள்ளைகள் இறங்கினார்கள். டிரைவர் கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டி, கட்டடத்துக்குப் பின்னால் நிழலே இல்லாத மைதானத்தில் நிறுத்திவிட்டுப் போனார். மாலை மூன்றரைக்குத்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது.

பழி வண்டி அக்கா மேல் விழுந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. இறக்கியதும், அலுவலக வாசலில் மாட்டியிருக்கும் பெரிய திரையை அவள் பார்க்க வேண்டும். தன் வண்டியில் ஏறிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வகுப்பில் பச்சை டிக் விழுந்திருந்தால் வேலை முடிந்தது. ஒரு சிவப்பு இருந்தாலும் ஓடிப்போய் வண்டியைத் துழாவ வேண்டும்.

அன்று எல்லாம் பச்சையாக இருந்தது என்றாள் அக்கா. போலீஸிடமும் சொன்னாள், கோர்ட்டிலும் சொன்னாள். பிள்ளை வண்டிக்குள் இருக்கும்போது வகுப்பில் எப்படிப் பச்சை விழும், பொய் சொல்கிறாள் என்று பள்ளி எழுதிக் கொடுத்தது. பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டபோதெல்லாம் சர்வர் ரிப்பேர் என்று நாளைக் கடத்தினார்கள். அக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். இந்த டேப்பில் இருக்கும் ஒரு வரி அழிந்தால் அவள் சொன்னது பொய் என்றே நிலைத்துவிடும்.

"கதவத் திறம்மா." முதல்வரின் குரல் கதவிடுக்கு வழியாகத் தணிந்து வந்தது. "நான் உன்னக் காப்பாத்தத்தான் பாக்கறேன்."

"யார்கிட்டேர்ந்து மேடம்?"

வெளியே செருப்பு டக் டக்கென்று இரண்டடி நகர்ந்து நின்றது.

"உன் பொண்ணுங்க ரெண்டு பேரும் இங்கதான் படிக்கறாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு மேடம். அதனாலதான் விரல் வைக்கல."

நெற்றியிலிருந்து ஒரு துளி வழிந்து டேப்பின் கண்ணாடியில் விழுந்தது. இந்த ஸ்மார்ட் வகுப்பறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஏசியின் அந்த எண் பச்சையாக மின்னுவதை அவள் பார்த்தாள். ஆனாலும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டின் வாடை.

முதலில் மெலிதாக வந்தது. பிறகு கெட்டியாக, நாக்கில் படியும் அளவுக்கு. கூடவே டீசல்.

இது இன்று தொடங்கியதல்ல. இறந்த பத்தாம் நாள் வகுப்புகள் மறுபடி ஆரம்பித்தன. அன்று காலை டேப்பைத் திறந்தபோது மற்ற முப்பத்தொரு எண்களும் சாம்பல் நிறத்தில் இருக்க, பதினேழு மட்டும் பச்சையாக இருந்தது. டீச்சர் தொடவே இல்லை. ரீஸ்டார்ட் சார் வந்தார், அந்தப் பச்சையை மட்டும் அழித்தார், டேப்பை அணைத்துப் போட்டார். மறுநாள் மறுபடி பச்சை. பச்சை விழுந்தால் பெற்றவர் போனுக்குத் தானாகவே செய்தி போகும்: உங்கள் பிள்ளை வகுப்பறையில் பத்திரமாக இருக்கிறார். முதல் தடவை அது போனபோது அந்தத் தாய் அலுவலகத்துக்கு போன் செய்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இரண்டு நிமிடம் கேட்டதாக போன் எடுத்த கிளார்க் சொன்னாள். மறுநாள் முதல் அந்தக் கிளார்க் வேலைக்கு வரவில்லை.

பிள்ளைகள்தான் கொஞ்சமும் பயப்படவில்லை. கடைசி பெஞ்சில் ஏன் நெருக்கியடித்து உட்கார்கிறீர்கள், ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று ஒருநாள் டீச்சர் அதட்டினாள். அங்கே இருந்த சிறுமி உதட்டில் விரல் வைத்து, "மெதுவாப் பேசுங்க மிஸ், அவ தூங்கறா" என்றாள்.

தப்.

டீச்சர் தலையை நிமிர்த்தினாள். சத்தம் கதவிலிருந்து வரவில்லை. ஜன்னலிலிருந்து வந்தது. இரண்டாம் மாடி. திறக்கவே முடியாதபடி பதித்த முழுக் கண்ணாடி.

தப். தப்.

கண்ணாடியில், பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையின் தோள் உயரத்தில், ஒரு சின்னக் கை அச்சு. ஐந்து விரலும் விரிந்திருந்தன. ஆவி படிந்தது போலத் தெரிந்து, ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்து மறைந்தது. அது மறைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று.

அறையின் உட்பக்கத்திலிருந்து.

"டீச்சர்," என்றார் ரீஸ்டார்ட் சார் வெளியிலிருந்து. அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது. "நானும் அந்தப் பச்சைய எட்டு தடவ அழிச்சுப் பாத்துட்டேன். திரும்ப வந்துருது. ஒரே ஒரு தடவ விரல வெச்சிருங்க. அது... அந்தப் புள்ள நிம்மதியா போயிரும்."

"நிம்மதியா போகப்போறது அவ இல்ல சார். நாமதான்."

தப். தப். தப். தப்.

இப்போது நான்கு ஜன்னல்களிலும். முதலில் அவசரமாக, பிறகு வெறியாக, பிறகு கை சோர்ந்தது போல இடைவெளி விட்டு விட்டு. அந்த இடைவெளிகள்தான் தாங்க முடியவில்லை. பூட்டிய வண்டிக்குள் அந்த நாள் எப்படி நகர்ந்தது என்பதைக் கண்ணாடி ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டைவிரல் தானாக டேப்பை நோக்கி நகர்ந்ததை அவள் பார்த்தாள். ஒரு நொடி வேலை. சத்தம் நிற்கும். வாடை போகும். கதவுக்கு வெளியே இருப்பவர்கள் தோளில் தட்டிக் கொடுப்பார்கள். மதியம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

விரலை மடக்கினாள். நகம் உள்ளங்கையில் பதியும்வரை மடக்கினாள்.

"அடிச்சுக்கோ," என்றாள் ஜன்னலைப் பார்த்து. பல் கிட்டிக்கொண்டு வந்தது. "எவ்வளவு வேணும்னாலும் அடி. நான் எங்கயும் ஓட மாட்டேன்."

சத்தம் நின்றது.

எதிர்ச் சுவரில் ஸ்மார்ட் போர்டு தானாக விழித்தது. சுவிட்ச் போடவில்லை. முப்பத்திரண்டு கட்டங்கள். முப்பத்தொன்று சாம்பல். ஒன்று பச்சை.

"மிஸ்."

மிகச் சின்னக் குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல.

"மிஸ், கதவத் திறங்க."

டீச்சர் எழுந்தாள். ஆப் வந்த நாளிலிருந்து இந்தப் பள்ளியில் யாரும் வாய்விட்டு வருகை எடுப்பதில்லை. அவளும் எடுத்ததில்லை. இன்று எடுக்கத் தோன்றியது. முதல்வருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"ஒண்ணு."

காலி பெஞ்சுகள் அசையவில்லை.

"ரெண்டு. மூணு."

வெளியே முதல்வர் ஏதோ அதட்டினார். டீச்சர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தந்த இடத்தைப் பார்த்து, பதிலுக்கு வேண்டிய நேரம் காத்திருந்து, அடுத்ததற்குப் போனாள். இத்தனை நாளும் இதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று மனது கணக்குப் போட்டது. இரண்டு நிமிடம். மிஞ்சிப்போனால் மூன்று.

"பதினஞ்சு. பதினாறு."

மூச்சை இழுத்தாள்.

"பதினேழு."

கடைசி பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ் மிஸ்."

பதில் முதுகுக்குப் பின்னால், காது மடலுக்கு மிக அருகில் இருந்து வந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்த பெஞ்சிலிருந்து. அவள் இவ்வளவு நேரமும் சாய்ந்திருந்த பெஞ்சு. சூடான மூச்சு கழுத்தில் பட்டது.

அவள் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. பெஞ்சின் மரம் மட்டும் தொட்டால் சுடும் அளவுக்குக் கொதித்தது. சுட்டாலும் பரவாயில்லை என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தாள்.

குளிர்ந்த காற்று ஒன்று அவள் இடுப்பு உயரத்தில் உரசிக்கொண்டு வெளியேறியது.

முதல்வர் டேப்பைப் பறிக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். மாடிப்படி முடியும் இடத்தில் விசாரணை அதிகாரி நின்றிருந்தார். கால் மணி முன்னதாகவே வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அந்தத் தாய். அவள் கையிலிருந்த போன் அப்போது ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். என்ன செய்தி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனைத் திருப்பி நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முதல்வர் சுதாரித்துக்கொண்டார். சிஸ்டத்தில் ஒரு கோளாறு, அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தோம் என்று அதிகாரியிடம் ஆரம்பித்தார். ரீஸ்டார்ட் சார் தரையைப் பார்த்தபடி, கோளாறு இல்லை மேடம் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் யாரையும் பார்க்காமல் போர்டுக்குப் போனாள். முப்பத்தொன்பது நாள் பின்னால் தள்ளி, அந்தத் தேதியை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக்கினாள். முப்பத்திரண்டு கட்டமும் பச்சை. பதினேழும் பச்சை.

"வண்டி அக்கா சொன்னது நிஜம் சார்," என்றாள். "எழுதிக்கோங்க."

பிள்ளை வகுப்பில் இல்லாதபோது பச்சை எப்படி விழுந்தது என்று அதிகாரி கேட்டார். அவள் விரலால் காட்டினாள். கட்டங்களுக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது: அனைவரும் வந்துள்ளனர். முப்பத்திரண்டு பேரையும் ஒரே தட்டலில் பச்சையாக்கும். முதலில் பச்சையாகும் வகுப்புக்கு அலுவலகத் திரையில் ஒரு ஸ்டார் விழும். அதனால் எல்லா ஆசிரியர்களும் முதலில் அதை அழுத்திவிடுவார்கள். வராத பிள்ளைகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கிக்கொள்ளலாம். அன்று காலை இந்த போர்டுக்கான பயிற்சி. சிவப்பாக்க மறந்துபோனது.

"அழுத்தினது நான்தான். என் பேரப் போட்டே எழுதுங்க."

அதிகாரியின் பேனா ஓடியது. முதல்வர் சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை பேர் நடுவில் அந்தத் தாய் மட்டும் நகர்ந்து போர்டுக்கு மிக அருகில் போனாள். பச்சைக் கட்டங்களுக்கு ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"ஏழு அம்பதுன்னு போட்டிருக்கே."

அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஏழு அம்பதுக்கு வண்டியே வரல டீச்சர். எங்க வீட்லதான் இருந்தா. நான் அவளுக்குத் தல பின்னிட்டு இருந்தேன்."

டீச்சர் கண்ணைத் தாழ்த்தவில்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த அறைக்குள் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தோம் என்பது போல நேராக அந்த முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்மா. நானும் எங்க வீட்லதான் இருந்தேன். என் பொண்ணுக்குத் தல பின்னிட்டு இருந்தேன். ஒரு கையால பின்னலப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அழுத்தினேன்."