பனிக்கரையில் அகதிகள் இல்லை

மொத்தம் பதினோராயிரம் பேர் என்றுதான் நினைவு. பன்னிரண்டாகவும் இருக்கலாம். ஆண்டுகள் போய்விட்டன, என் எண்களை நானே முழுதாக நம்புவதில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அங்கயற்கண்ணிதான் ஊட்டினாள் என்பது நிச்சயம்.

டைட்டன் நிலவின் பனிக்கரை நகரில் யார் வந்து இறங்கினாலும், துறை அலுவலர் ஒரு கரண்டி சோறு ஊட்டுவார். கரண்டி எச்சிலிலிருந்து மரபணுவைப் படிக்கும். வந்தவரின் மணிக்கட்டில் பதிக்கும் உறவுச்சில்லு ஏதாவதொரு வீட்டின் பெயரை எழுதிக்கொள்ளும். விழுங்கி முடிப்பதற்குள் வந்தவர் அந்த வீட்டுப் பிள்ளை. கூடாரம் கிடையாது, முள்வேலி கிடையாது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கரண்டியைப் பிடித்தவள் அங்கயற்கண்ணி. அதில் அவளுக்குப் பெருமை, மறைத்ததுமில்லை.

அண்டை நகரான செங்குவையை ஒரு தளபதி கைப்பற்றிக் காற்றுக்குழாய்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியபோது, கப்பல் கப்பலாகச் சனம் வந்தது. அவர்களில் ஒருத்தியான யோகராணி அங்கயற்கண்ணியின் வீட்டுக்கே பிள்ளையாக வந்தாள். அவள் மகள் கௌசிகா செங்குவையில் அகப்பட்டிருந்தாள். அங்கே பன்னிரண்டு நாள் காற்றுதான் மிச்சம்.

மூன்று நாள் இருவரும் சன்னலருகே உட்கார்ந்து மீத்தேன் மழையைப் பார்த்தார்கள். நான்காம் நாள்தான் யோகராணி கேட்டாள்.

"அக்கா, எத்தினை பேர் வந்தா உங்கட படை வெளிக்கிடும்?"

"அஞ்சாயிரம்."

"நாங்கள் பதினோராயிரம் வந்திட்டமே."

பனிக்கரையில் போருக்குப் போவதை மனிதர் முடிவு செய்வதில்லை. தீர்மானி என்ற பொறி முடிவு செய்யும். அதை உருவாக்கியவர்கள் பூமியின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கள். அடுத்த வீட்டில் பிணம் விழுந்தபோது எந்த நாடும் எழுந்திருக்கவில்லை, பிழைத்தவன் தன் வாசலில் வந்து நின்றபோதுதான் எழுந்தது என்று கண்டு, கூச்சப்படாமல் அதையே சட்டமாக்கினார்கள். ஊருக்குள் அகதிகள் ஐயாயிரத்தைத் தாண்டினால் படை போகும்.

அங்கயற்கண்ணி தீர்மானியிடம் கணக்குக் கேட்டாள். அகதிகள் ஒருவருமில்லை என்றது. வந்தவர் அத்தனை பேரும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகளாயிற்றே. கரண்டி பிடித்த தன் கையை அவள் பார்த்தாள்.

உறவை நீக்க வீட்டுத் தலைவர், வந்தவரின் மணிக்கட்டில் கைவைத்து, 'இவர் எம்மவர் அல்லர்' என்று சொல்லவேண்டும். தன் வீட்டிலேயே தொடங்கினாள். யோகராணி தலையாட்டித் தைரியம் சொன்னாள். பிறகு அங்கயற்கண்ணி வீடுவீடாக ஏறி இறங்கினாள். அவள் சொன்னதைக் கண்கலங்கக் கேட்டவர்கள்கூட நீக்க மறுத்தார்கள். நகர்மன்றத் தலைவர் வீரமாகாளி சிரித்தேவிட்டார்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா? சோறு போட்டுட்டு வெளியாளுன்னு சொல்லச் சொல்றியே. நம்ம ஊரு மானம் என்னாகறது?"

ஐந்து நாளில் நாற்பது வீடுகள்தாம் சம்மதித்தன. மூன்று நாள் காற்று மிச்சமிருந்தது. படை போய்ச்சேரவே ஒரு நாள் வேண்டும்.

"உங்கட சனம் நல்ல சனம் அக்கா," என்றாள் யோகராணி. "நாங்கள் கொஞ்சம் இடைஞ்சல் குடுத்துப் பாக்கிறம்."

மறுநாள் காலையில் பதினோராயிரம் பேரும் கப்பல் இறங்கும் தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அன்றுதான் தேயிலைக் கப்பல் வரும் நாள்; நூறு நாளுக்கு ஒருமுறை வருவது. இறங்க இடமில்லாமல் அது வானத்தில் சுற்றியது. காலையில் ஊர் பரிதாபப்பட்டது, மதியம் முணுமுணுத்தது, மாலையில் கத்தியது. இவர்களை யார் கூப்பிட்டது என்று வீரமாகாளி அங்கயற்கண்ணியிடமே கேட்டார். உறவு நீக்க வந்தவர்களின் வரிசை தளத்தைச் சுற்றி வளைந்தது. முதல் ஆளாக நின்றவர் அவர்தான். ஐயாயிரத்து ஒன்றாவது பெயர் அகதிக் கணக்கில் விழுந்ததும் படைக்கலங்கள் எழும்பின.

செங்குவை இரண்டே நாளில் மீண்டது. கௌசிகா பிழைத்தாள், தாயும் மகளும் தங்கள் ஊருக்கே திரும்பி இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். மற்றவர்களும் போய்விட்டார்கள். வீரமாகாளி மறுபடியும் தலைவரானார். 'இங்கே எவரும் அகதியாக இருந்ததில்லை' என்று துறைச்சுவரில் பொறிக்கச் செய்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை முதன்முதலில் அகதி என்று பதிந்த குற்றத்துக்காக அங்கயற்கண்ணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆணையை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள்.