ரெண்டு இழுப்பு

குளக்கட்டின் அடியில் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால்தான் நிஸ்லா நின்றாள். ஆடுகளைக் கொட்டிலுக்குள் விரட்டிவிட்டு, சேற்றுக்காலை அலம்பலாம் என்று அந்தச் சின்ன ஓடலுக்குள் வைத்தவள், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரிச் சூடு. நாள்கணக்காய் விடாமல் கொட்டும் மழையில் அடுப்படி, பாய், தலையணை எல்லாம் விறைத்துக் கிடக்க, இந்த மண்கட்டுக்குள்ளிருந்து மட்டும் எங்கிருந்து வருகிறது சூடு?

"இஞ்ச வாங்கோ! கட்டு ஒழுகுது!"

அவள் புருசன் அஸ்மி கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தான். குந்தியிருந்து தண்ணீரைக் கையில் ஏந்தினான். சூட்டை அவன் கவனிக்கவே இல்லை, நிறத்தைத்தான் பார்த்தான். மண்கட்டு என்றால் ஒழுகத்தான் செய்யும். தெளிந்த தண்ணீராக ஒழுகினால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கலங்கலாக வந்தால் கதை வேறு. கட்டின் வயிற்றுக்குள் மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அது கலங்கலாகத்தான் வந்தது.

"உள்ளுக்குள்ள கரையுது நிஸ்லா" என்றான். அவன் குரல் ஒடுங்கிப்போயிருந்தது.

காலையிலேயே ஊர்ச்சனம் உழவு மெசினில் ஏறி மறிச்சுக்கட்டிப் பக்கம் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. இவன் போகவில்லை. கமக்காரர் சங்கம் தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவின் திறப்பை இவனிடம் கொடுத்ததோ இல்லையோ, குளத்தையே சீதனமாகக் கொடுத்த மாதிரி நடப்பு. "வான் பாயுதுதானே, மிச்சத் தண்ணி அதால போகும், கட்டுக்கு ஒண்டும் நடக்காது" என்றான். நிஸ்லா கத்தினாள், அழுதாள், கடைசியில் அவனை விட்டுப் போக மனமில்லாமல் தானும் நின்றாள். மத்தியானத்துக்குள் வான் பாய்ந்த வெள்ளம் பாதையை அறுத்துக்கொண்டு போனது. போனிலும் சிக்னல் இல்லை. இப்போது கட்டுக்கும் அந்த வெள்ளத்துக்கும் நடுவில் அவர்களுடைய வீடு ஒன்றுதான். அதற்குள் அவர்களுடைய ஒரே மகள் ஸஹ்றா, சாச்சியின் கலியாணத்துக்குப் போட்ட மருதோண்டி இரண்டு உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் செக்கச்செவேலென்று இருக்க, கட்டிலில் குந்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கட்டு உடைந்தால் முதலில் போவது அந்த வீடு.

"பிள்ளையத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில ஏறுவம்" என்றாள் நிஸ்லா.

"ஏறி? எந்த இடத்தில பிய்ச்சுக்கொண்டு போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? இருட்ட முதல் அடைப்பம்."

உமிச்சாக்கைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டின் மேல் ஏறினான். தண்ணீர்ப் பக்கத்து அலைகரையில் நின்று உமியை அள்ளி அள்ளித் தண்ணீரில் வீசினான். ஒழுக்கின் வாய் குளத்துக்குள் எங்கே இருக்கிறதென்று பிடிக்க இதுதான் வழி. உமி பரந்து மிதந்தது. பிறகு மெல்ல ஒரு இடத்தில் கூடி, வட்டமாகச் சுற்றி, நடுவில் அமிழ்ந்துபோனது. மழைத்துளி விழுந்து குளம் முழுக்கக் கொதிக்கிறது. அந்த வட்டம் மட்டும் வழுவழுவென்று கிடந்தது. நிஸ்லாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அஸ்மி நைலோன் கயிற்றின் ஒரு நுனியைக் குளக்கட்டிலிருந்த மருதமரத்திலும் மறு நுனியைத் தன் இடுப்பிலும் கட்டினான். வைக்கோலும் களிமண்ணும் திணித்த உரப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இடக்கைப் பெருவிரல் நகம், முன்பொருநாள் உழவு மெசினின் கொளுக்கியில் நசிந்து இரண்டாய்ப் பிளந்தது, பைக்கு மேல் கறுப்பாய்த் தெரிந்தது.

"ஒரு இழுப்பெண்டா கயித்த விடு. ரெண்டு இழுப்பெண்டா என்னை இழு. என்ன நடந்தாலும் இழு. விளங்கிச்சா?"

"ஓம்."

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அமிழ்ந்தான்.

கயிறு அவள் உள்ளங்கைக்குள்ளால் ஓடியது. நின்றது. தவளைகள் அவ்வளவும் ஒரேயடியாய் வாயை மூடிக்கொண்டன. நிஸ்லா தெரிந்த சூறாவெல்லாம் ஓதினாள். நடுவில் மறந்து திரும்பவும் முதலிலிருந்து ஓதினாள். அல்லாஹ்வே, இந்த மனுசனைத் தந்துவிடு, இனி ஒரு நாளும் ஏசமாட்டன்.

"நிஸ்லா."

அவன் துருசடியில் நின்றான். வட்டம் இருந்த இடத்திலிருந்து எவ்வளவோ தள்ளி. இடுப்பில் கயிறு இல்லை.

"அடைச்சாச்சு" என்று சிரித்தான்.

அவள் விழுந்தடித்துக் கீழே ஓடிப் பார்த்தாள். ஓடல் நின்றிருந்தது. துவாரம் ஒரு தேங்காய் அளவில் இருண்டு கிடந்தது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சந்தோசத்தில் அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், துவாயைக் கொடுத்து, பிளேன்டீ ஊற்றி வைத்தாள். ஸஹ்றா ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள்.

அவன் தலையைத் துவட்டினான். துவட்டின தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. திரும்பவும் துவட்டினான். திரும்பவும் சொட்டியது. கதிரையின் காலடியில் தேங்கி, சீமெந்து நிலத்தில் மெல்ல ஓடி, அடுப்படியில் நின்றவளின் விரல்களைத் தொட்டது. வெதுவெதுப்பு.

மழையில் நாலடி நடந்தாலே தும்மித் தும்மி வீட்டை இரண்டாக்குகிற மனுசன் தும்மவில்லை. நடுங்கவில்லை. தேத்தண்ணியைத் தொடவில்லை. கோப்பையைத் தள்ளிவைத்த அந்த இடக்கையைப் பார்த்தாள். பெருவிரல் நகம் பளிச்சென்று முழுசாக இருந்தது.

தன் கண்ணைத்தான் அவள் முதலில் நம்ப மறுத்தாள். பயத்தில், மங்கல் வெளிச்சத்தில், எதையோ பார்த்து எதையோ நினைக்கிறேன் என்று தனக்குத்தானே சொன்னாள்.

"கயிறு எங்க?"

"கிடக்கட்டும்."

"நல்ல கயிறு. எடுத்திட்டு வாறன்." பிள்ளையைப் பார்த்தாள். "ஸஹ்றா, நீயும் வா."

"பிள்ளை இருக்கட்டும்" என்றது அது. ஸஹ்றாவைச் சுற்றியிருந்த கை இறுகியது. "போயிட்டு வா."

அந்தக் கயிற்றைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றுதான் ஓடினாள். பிள்ளையை விட்டுவிட்டு ஓடினாள். சறுக்கிச் சறுக்கிக் குளக்கட்டின் மேல் ஏறினாள். மஃரிபுத் தொழுகைக்கு முந்தின வெளிச்சம் குளத்தின் மேல் சாம்பலாய்க் கிடந்தது. மருதமரத்தில் கயிறு கட்டியபடி இருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. முறுகி நின்றது.

தொட்டாள்.

இழுப்பு. இழுப்பு.

"யா அல்லாஹ்!"

காலை மரத்தின் வேரில் ஊன்றி இழுத்தாள். வந்தது. ஒரு முழம் வந்தது. இன்னும் ஒரு முழம். உள்ளங்கை கிழிந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார். இந்தக் கட்டுக்குள்ளே இருக்கிறார். விடமாட்டன். விடவே மாட்டன்.

"இழுக்காத, நிஸ்லா."

கீழே, கட்டின் அடியில், துவாரத்துக்குப் பக்கத்தில் அது நின்றது. அதன் கையைப் பிடித்தபடி ஸஹ்றா.

"இழுத்தா அடைப்புக் கழரும். கட்டுப் போயிடும். பிள்ளை இஞ்ச நிக்கிறாள்."

துவாரத்திலிருந்து தண்ணீர் பொங்கத் தொடங்கியிருந்தது. கலங்கல். செம்மண் கரைசல். அவள் இழுத்த ஒவ்வொரு முழத்துக்கும் தண்ணீர் கூடியது.

"ஸஹ்றா! மேல ஏறி வாம்மா! ஓடி வா!"

"வாப்பா கையை விடமாட்டாராம்" என்றாள் பிள்ளை. அழாமல் சொன்னாள்.

நிஸ்லா கயிற்றை விட்டாள். உருண்டு, விழுந்து, சேற்றில் முழங்காலில் ஊர்ந்து வந்தாள். பிள்ளையைப் பறிக்கக் கை நீட்டினாள். அது பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டது. களிமண்ணை ஒரு உருண்டையாகப் பிசைந்து அவளிடம் நீட்டியது.

"நீ அடை. பிள்ளையத் தாறன்."

துவாரத்துக்குள் ஏதோ அசைந்தது. விரல்கள். பெருவிரல் நகம் இரண்டாய்ப் பிளந்திருந்தது.

அவள் அந்தக் கையைப் பற்றினாள். குளிர்ந்த கை. அவளுடைய மனுசனின் கை, கலியாணத்தன்று இதே போலக் குளிர்ந்திருந்து அவளைச் சிரிக்க வைத்த கை. அந்தக் கை அவள் விரல்களை அமத்தியது. ரெண்டு தரம். விட்டு, திரும்பவும் ரெண்டு தரம். இழு. இழு. அவன் விரல்களுக்கு இடையில் சிவப்பாய் என்னவோ தெரிந்தது. இரத்தம். கை கிழிந்துவிட்டது பாவம், கல்லில் அடிபட்டுவிட்டது பாவம்.

தண்ணீர் அவள் முழங்கையைத் தாண்டிப் பாய்ந்தது. கட்டின் மேலிருந்து ஒரு பாளம் மண் பொத்தென்று விழுந்தது.

"உம்மா" என்றாள் பிள்ளை.

நிஸ்லா களியை வாங்கினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட பிள்ளைக்காக. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." கத்திக்கொண்டே அமத்தினாள். விரல்களின் மேல். நகத்தின் மேல். அந்தச் சிவப்பின் மேல். அது பிசைந்து பிசைந்து கொடுத்தது. அவள் வாங்கி வாங்கி அப்பினாள். களிக்குள்ளிருந்து ரெண்டு தரம். ரெண்டு தரம். பிறகு மெல்ல. பிறகு இல்லை.

தண்ணீர் நின்றது.

அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பிள்ளையின் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்தது. நிஸ்லா பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். முகமெல்லாம் கொஞ்சினாள்.

பிள்ளையின் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்தாள். திரும்பவும் சொட்டியது.

நிஸ்லா அந்தச் சின்னக் கையை விரித்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. மற்றக் கையையும் விரித்தாள். அதுவும் வெள்ளை. ஒரு பொட்டு மருதோண்டிகூட இல்லை.

களிக்குள் அவள் அமத்தினது இரத்தமில்லை.

கட்டின் மேலே மருதமரம் ஆடியது. கயிறு ரெண்டு தரம் இழுத்தது. அதன் பின்னால், அதே கயிற்றில், பலமே இல்லாத இன்னொரு ரெண்டு இழுப்பு. அவள் எழும்பப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு பெரிய கையும் அந்தப் பக்கம் ஒரு சின்னக் கையும் அவளுடைய கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன.