ஏறிப் பார்க்காத இரண்டாம் மாடி

கடைத்தெரு முனையில் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடத்தின் வரலாற்றைப் பள்ளிக்காகப் பெரிய அட்டையில் எழுதியது நான்தான். டீச்சர் ‘மிக நன்று’ போட்டார். வகுப்பே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீழே முதலில் செருப்புக் கடை, பிறகு புத்தகக் கடை, இப்போது செல்போன் கடை. முதல் மாடியில் பொம்மைக் கடை போய் முடிவெட்டும் கடை வந்தது. இதெல்லாம் விசாரித்து எழுதியது.

இரண்டாம் மாடிக்கு நான் ஏறவே இல்லை. கால் வலித்தது. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் வெறும் ஆணிகள். அந்தக் கட்டடத்தில் கடையை மூடினால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அதனால், ‘மூக்குக்கண்ணாடிக் கடை: மூடப்பட்டது’ என்று எழுதிவிட்டேன்.

செல்போன் கடை மாமா என் அட்டையை ஆசையாக வாங்கி, மாடிப்படி தொடங்கும் இடத்தில் சுவரில் ஒட்டினார்.

பத்து நாள் கழித்து என் மூக்குக்கண்ணாடியின் கால் கழன்றது. அப்பா அதே கட்டடத்துக்கு அழைத்துப் போனார்.

“அந்தக் கடைதான் மூடியாச்சேப்பா!”

“யாரு சொன்னா? பேசாம வா.”

மேலே விளக்கு எரிந்தது. கடைக்கார அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா, வா! பத்து நாளா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். பலகையை பெயின்ட் அடிக்கக் குடுத்தேன். அதுக்குள்ள எந்தப் புண்ணியவதியோ கடையையே மூடிட்டேன்னு கீழ எழுதி வச்சிருக்கா! இன்னிக்குத்தான் நின்னு படிச்சேன்.”

“கிழிச்சுப் போட வேண்டியதுதானே?” என்றார் அப்பா.

“ஏதோ சின்னப் பிள்ளை கஷ்டப்பட்டு எழுதியிருக்கு. மனசு வரல.”

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியே தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அக்கா திருகாணியை முடுக்கி, கண்ணாடியைத் துடைத்து எனக்கு மாட்டிவிட்டார்.

“இப்ப நல்லாத் தெரியுதா?”

நன்றாகத் தெரிந்தது. காலியாகக் கிடந்த நாற்காலிகளும் தெரிந்தன.

“அக்கா... அந்தப் புண்ணியவதி நான்தான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாமேம்மா,” என்றார் அக்கா மெதுவாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் பேனா வாங்கிக்கொண்டு கீழே ஓடினேன். பழைய வரியை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்: ‘மூக்குக்கண்ணாடிக் கடை: திறந்திருக்கிறது. மூடிவிட்டது என்று எழுதியவள் ஏறிப் பார்க்கவில்லை.’

“ஐயையோ, அழகான அட்டையைக் கெடுத்துட்டியே!” என்றார் செல்போன் கடை மாமா.

“முன்னாடியே கெட்டுத்தான் மாமா இருந்துச்சு.”

படியில் கால் வைத்த ஒரு பெரியவர் நின்று படித்தார். “யாரும்மா அது, ஏறிப் பார்க்காதவ?”

முகம் எரிந்தது. “நான்தான் தாத்தா. வாங்க, கடையைக் காட்டறேன்.”

அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். கால் வலித்தது. சொல்லிக்கொள்ளவில்லை.