பூசிய பொந்து

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆய்வு முடிந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரம்பம் வரும். நடுவில் நாற்பத்தொரு மணி நேரம்.

அதில் முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே மரம் இலைகளை மூடிக்கொண்டது.

தூங்குமூஞ்சி மரம் இலை மூடுவது அதிசயமில்லை. ஆறரைக்கு மூடும், விடிந்ததும் திறக்கும். மரம் நிற்கும் வீட்டின் மகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; அவளுக்கு எதையும் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. இப்போது நாலேகால். வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை. தலைக்கு மேல் அத்தனை பெரிய மரம், ஒரு காற்றும் இல்லாமல், உச்சிக்கிளை தொடங்கி அடிக்கிளை வரை, கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் குழந்தை மாதிரி மூடிக்கொண்டது.

ஆய்வுக்கு வந்திருந்த பெண்மணியை ரம்பக்காரர்கள் மர டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் அளவு நாடா, கையில் மரச்சுத்தியல், காதில் செருகிய சாக்பீஸ். சொந்த மனையில் நிற்கிற மரமே ஆனாலும் இவ்வளவு பெரிதென்றால் நினைத்தபடி வெட்ட முடியாது. அளந்து, தட்டிப் பார்த்து, இவர் கையெழுத்துப் போட வேண்டும். மார்பு உயரத்தில் சுற்றளவு ஐந்து மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

"இதை இறக்கறதுக்கு கிரேன் வேணும், ஏழு ஆள் வேணும். சுளையா மூணு மாசச் சம்பளம் போயிடும்மா. யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

"வீட்ல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"இல்ல," என்றார் வாசல் நாற்காலியில் இருந்த அப்பா.

"சம்மதம்," என்றாள் அவள்.

மர டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாப் போச்சு. மரத்தையே கேட்டுடுவோம்."

அவருக்கு ஒரு முறை இருந்தது. மார்பு உயரத்தில் இரண்டு தட்டு. குனிந்து, முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு. பிறகு காதை வைத்துக் கேட்பது. ஒரு அடி நகர்ந்து மறுபடி. டொக், டொக். டொக். எல்லா மரத்துக்கும் இதே கணக்குதான் என்றார். அவள் தட்டுகளை எண்ணினாள்.

"உள்ள மொத்தமும் காலிம்மா. இந்தப் பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. யாரோ பொந்துக்கு சிமெண்ட் பூசியிருக்காங்க. அந்தக் காலத்துல செய்வாங்க. ஈரம் உள்ளயே தங்கி இன்னும் சீக்கிரம் அழுகிடும், அது தெரியாது."

"நான்தான் பூசினேன்," என்றார் அப்பா. "மரம் செத்துடக் கூடாதுன்னு."

"நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருக்கீங்க, ஐயா. ஆனா சிமெண்ட்ல பட்டா ரம்பத்தோட சங்கிலி அறுந்துடும். முதல்ல அதைக் கையால உடைச்சு எடுத்துட்டுத்தான் அடிமரத்துல கை வைக்கணும்."

அவர் வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு திரும்பினாள்.

டொக், டொக்.

டொக்.

அதன் பிறகுதான் இலைகள் மூடின.

அப்பா அவளைப் பெரியவளே என்றுதான் கூப்பிடுவார். இருக்கிற ஒரே பிள்ளையை அப்படிக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பு வீட்டில் சின்னவன் என்று ஒருவன் இருந்தான். ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காணாமல் போனான். கிணறு, குளம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, எல்லா இடமும் பார்த்தாயிற்று. அம்மா தேடித் தேடியே போய்ச் சேர்ந்தாள். அப்பா தேடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு எப்போது வர்ணம் அடித்தாலும் அதே மஞ்சள். நிறம் மாறினால் அவனுக்கு வீடு தெரியாமல் போய்விடுமாம்.

"தெருவே மாறிப்போச்சு, பெரியவளே," என்றார் அன்று மாலை, காபி டம்ளரைத் தொடாமல். "இந்த மரம் ஒண்ணுதான் அவனுக்கு அடையாளம். அதையும் வெட்டிட்டா எதைப் பார்த்துடி வருவான்?"

"வர்றவனா இருந்தா வந்திருப்பான்பா."

"வரமாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எப்படித் தெரியும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் அடிக்குப் பயந்து. பிறகு, அப்பா அதைத் தாங்கமாட்டார் என்று. மரம் விழுந்தால் அவருடைய காத்திருப்பும் சேர்ந்து விழும். அது தெரிந்துதான் மூன்று மாதச் சம்பளத்தை எடுத்து வைத்திருந்தாள்.

மூன்று மாதமாக அந்தச் சத்தம் கேட்கிறது. அவள் அறைச் சன்னலை மரம் அடைத்துக்கொண்டு நிற்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டும். அந்தச் சுவரில்தான் கேட்கும். முதலில் கிளை உரசுகிறது என்று நினைத்தாள். அந்தக் கிளையைக் கழித்தாள். எலி என்று நினைத்தாள். மருந்து வைத்தாள். எலிக்கு எண்ணத் தெரியாது. இது எண்ணித் தட்டியது.

சின்னவனும் அவளும் ஒளிந்து விளையாட ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒளிந்தவன் இரண்டு தட்டி, பிறகு ஒன்று தட்ட வேண்டும். நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். தேடுகிறவள் பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினால், கண்டுபிடித்தாயிற்று. அந்த ஒரு தட்டு கேட்கிறவரை வெளியே வரக் கூடாது. யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. சட்டத்தைப் போட்டவள் அவள்தான். அவன் ஒரு நாளும் மீறியதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் இலைகள் திறக்கவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் அவள் மரத்தின் பின்பக்கம் போனாள். இத்தனை வருடத்தில் பட்டை இரண்டு பக்கமும் உருண்டு வந்து பூச்சை மூடியிருந்தது; நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சாம்பல் நிறம் தெரிந்தது. மழை பெய்து நாற்பது நாளாகிறது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனாலும் அங்கே புதுச் சிமெண்டின் வாசனை அடித்தது. தண்ணீர் ஊற்றிக் குழைத்த உடனே வருமே, மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ந்த வாசனை.

விரலை வைத்தாள்.

விரல் உள்ளே போனது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பூச்சில் அவள் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி. நகக்கண்ணில் ஈரச் சிமெண்ட். பரிசோதனைக் கூடத்தில் ஐந்து முறை கை கழுவினாள். போகவில்லை.

சாயங்காலம் வந்ததும் நேரே அங்கேதான் போனாள். குழி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் ஐந்து. சின்னச் சின்னதாக, ஒரு கைக்கு அடங்கிய ஐந்து.

குழிகள் இல்லை. மேடுகள். உள்ளேயிருந்து அழுத்தியவை.

கால் பின்னால் போகச் சொன்னது. அவள் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தட்டு," என்றாள். "எவ்வளவு வேணா தட்டிக்கோ. நான் எங்கயும் ஓடப் போறதில்ல. நாளைக்கு ஒன்பது மணி."

மரம் தட்டவில்லை. அதுதான் தட்டலைவிடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கிரேன் வந்துவிட்டது. ரம்பக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னக்கா இது, தூங்குமூஞ்சின்னாலும் ஒரு அளவு வேண்டாமா? விடிஞ்சு மூணு மணி நேரமாச்சு, இன்னும் எழுந்திரிக்கல!"

ஆட்கள் சிரித்தார்கள். அப்பா நாற்காலியை நகர்த்த மாட்டேன் என்றார். "என் மேல விழட்டும்," என்றார். அவளே நாற்காலியோடு சேர்த்து அவரை வராந்தா வரை இழுத்துப் போட்டாள். அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கின. பச்சை மரத்தூளின் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. பதினொரு மணிக்கு, நினைவு தெரிந்து முதல் தடவையாக, அவள் அறைக்குள் வெயில் வந்தது. சுவரில் அவள் கட்டில் உயரத்துக்கு ஒரே இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. மரம் நின்ற வெளிப்பக்கம் பெயரவில்லை. அறையின் உள்பக்கம்.

"சிமெண்டை எடுத்துடலாமாக்கா?" ரம்பக்காரர் சம்மட்டியோடு நின்றார். "எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா!"

எந்திரங்கள் அடங்கின. தெரு அடங்கியது.

டொக், டொக்.

டொக்.

"உடும்பு கிடும்பு உள்ள மாட்டியிருக்கு போல," என்றார் ரம்பக்காரர். அவர் கை சம்மட்டியைத் தூக்கவில்லை.

வராந்தாவில் நாற்காலி கிறீச்சிட்டது. கம்பு இல்லாமல் எழுந்திருக்காத அப்பா எழுந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. இருபத்துமூன்று வருடமாக அவள் பார்க்காத சிரிப்பு.

"பெரியவளே," என்றார். "கேட்டியா? சின்னவன். அவன்தான் இப்படித் தட்டுவான். வந்துட்டான்டி."

படியில் இறங்கினார். வந்துகொண்டே இருந்தார்.

உடும்பு என்று சொல்லிவிடலாம். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடலாம். அந்தச் சிரிப்பை இன்னும் ஒரு நாள் காப்பாற்றலாம். இப்படித்தானே ஒவ்வொரு நாளாக இத்தனை வருடம்.

போதும்.

சம்மட்டியை வாங்கினாள். மூன்று எட்டு வைத்தாள். பூச்சின் முன்னால் நின்றாள்.

ஒரு தட்டு.

பட்டை விரிந்தது. பூச்சு நடுவில் பிளந்தது. பிளவிலிருந்து சாம்பல் நிறத்தில் கூழ் வழிந்தது, இப்போதுதான் குழைத்தது போல. பின்னாலேயே ஒரு விரல். இரண்டு. ஐந்து. ஆறு வயதுக் கை, பிளவின் விளிம்பைப் பற்றியது. வெளியே வர உந்தியது.

யாரோ ஓடினார்கள். கயிறு அறுந்து விழுந்தது. அப்பா அவள் பக்கத்தில் நின்றுவிட்டார். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. அவர் கை, கரண்டி பிடித்துப் பூசிய அதே கை, முன்னால் நீண்டபடி நின்றது.

அவள் கண்ணை மூடவில்லை. அந்த விரல்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க பூசும்போது அவன் உள்ளதான்பா இருந்தான். ரேடியோ சத்தத்துல உங்களுக்குக் கேட்கல. தட்டிட்டே இருந்தான். எனக்குக் கேட்டுச்சு."