இரண்டாம் அடியில் ஒரு வெறும் வட்டம்

மகாதேவியின் கணக்குக் கொப்பியில் ஒரேயொரு பிழைதான். இரண்டைவிடப் பெரிய எண்களை எண்கோட்டில் காட்டச் சொல்லியிருந்தது. அவள் இரண்டின்மேல் கறுப்பாய் ஒரு பொட்டு வைத்து, வலப்பக்கம் அம்புக்குறி போட்டிருந்தாள்.

இரண்டு அதற்குள் சேராது, ஆகவே வட்டத்தின் உள்ளே வெறுமையாக விடவேண்டும் என்றார் ரீச்சர். ஒரு பொட்டுக்காகவா சிவப்புப் பேனை என்று மகாதேவிக்குக் கோபம் வந்தது.

வீட்டிலோ அதைவிடப் பெரிய கோபம் நடந்துகொண்டிருந்தது.

அவர்களுடைய தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஒரு பங்கு அப்பா பரமலிங்கத்துக்கு, மற்றது பக்கத்துத் தோட்டத்து முத்துக்குமாரு மாமாவுக்கு. இறைக்கும் மிசின் மாமாவுடையது. தண்ணீர் மிகவும் குறைந்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அதனால் மூங்கில் தடியை விட்டு அளந்து, இரண்டடிக்கு வந்ததும் நிறுத்துவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதான காலம். ஓடத் தொடங்கிய மிசினை முன்கூட்டி நிறுத்த யாருக்குத்தான் மனம் வரும்?

இந்த முறை உப்புத் தண்ணீர் பாய்ந்து இரு தோட்டத்து வெங்காயத் தாள்களின் நுனியும் கருகிவிட்டது. அப்பாதான் அளவு மீறி இறைத்துவிட்டார் என்றார் மாமா. சரியாக இரண்டடியில் நிறுத்தியதாக அப்பா சொன்னார். மாமா நம்பவில்லை.

"இனி என்ரை மிசினைத் தொடவேண்டாம்."

நான்கு நாட்களாக இருவருக்கும் கதை பேச்சில்லை. மிசின் இல்லாவிட்டால் அப்பாவின் வெங்காயம் வாடிவிடும். மகாதேவிக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் மாமா இறைக்கும் முறை. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட அவருக்கு ஆள் இல்லை. கூப்பிடாமலே மகாதேவி போய் நின்றாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா தடியை விட்டு அளக்கும்போதெல்லாம் அவள் வாய்க்காலில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். நான்கடியில் நல்ல தண்ணீர். மூன்றடியிலும் அப்படித்தான். இரண்டுக்குச் சற்று மேலே நின்றபோதும் பழுதில்லை. சரியாக இரண்டடிக்கு வந்ததும், தூவென்று துப்பினாள்.

"மாமா, ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ."

குடித்த மாமாவின் முகம் கோணியது. ஓடிப்போய் மிசினை நிறுத்தினார்.

"இரண்டடி நிக்குதே பிள்ளை, பிறகேன் உப்பு?"

"இரண்டிலையே உப்பு வந்திடுது மாமா. அப்பாவும் இரண்டிலைதான் நிப்பாட்டினவர். இரண்டுக்கு மேலை நிக்கேக்கையே நிப்பாட்டவேணும்."

மாமா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

மகாதேவி வீட்டுக்கு ஓடி, படலைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றை எடுத்து வந்தாள். தடியில் இரண்டாம் அடியில் ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"ஏன், நடுவுக்குப் பெயின்ற் காணாதோ?"

"காணும் மாமா, இன்னும் கிடக்கு. இரண்டு எங்களுக்கு வேண்டாம். அதாலை வெறுமையாய் விட்டனான்."

அடுத்த முறை அப்பாவுடையது. விடிந்ததும் மிசினைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தவர் மாமாவேதான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அப்பாவும் மண்வெட்டியை விட்டு நிமிரவில்லை. மிசின் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது.

மாமா தடியைத் தூக்கிப் பார்த்தார். ஈரம் பச்சை வட்டத்துக்குச் சற்று மேலே நின்றது.

"பிள்ளை, நிப்பாட்டவோ எண்டு கொப்பரைக் கேள்."

மகாதேவி வாயைத் திறக்குமுன் பாத்திக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நிப்பாட்டும், முத்துக்குமாரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."